மலை பார்த்த வாசல்

சுவர் எழும்புவதற்கு முன்பே வாசல் நிலையை நிறுத்திவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தையின் வீட்டு நிலை, மஞ்சளும் குங்குமமும் பூசி, மாவிலை கட்டி, இரண்டு பக்கமும் சவுக்குக் கழி முட்டுக்கொடுத்து வெறும் பொட்டலில் தனியாக நின்றது. அதன் வழியாக அண்ணாமலை முழுசாகத் தெரிந்தது. அத்தை மலைப்பக்கமிருந்து வலது காலை எடுத்துவைத்து வந்து, இன்னும் கட்டாத வீட்டுக்குள் நின்று சிரித்தாள். சின்னப் பெண்ணான எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடில்லாத வாசலைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அத்தை என் அப்பாவின் அக்கா. புருஷன் போனபின் சித்தாள் வேலை செய்து பிழைத்தாள். செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கத் தொடங்கிய எழுபதுகள் அவை. அவர்களுக்கான அறைகள் அத்தை சுமந்த கலவையில்தான் எழும்பின. அறைகள் கூடக் கூட எங்களைப் போன்றவர்களின் வாடகையும் கூடியது. அத்தை குடியிருந்த ஒற்றை அறையையும் இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். "காலி பண்ணுன்னு ஒருத்தன் சொல்லாத எடத்துல நான் கண்ணை மூடணும்" என்பாள். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

அப்போதுதான் மலையடியில், காய்ந்த ஓடைக்குப் பக்கத்துப் புறம்போக்கில், ஏழைகளுக்கு வீடு கட்ட அரசாங்கம் இடம் ஒதுக்கியது. உழைப்பு எங்களுடையது, பணம் அவர்களுடையது. அஸ்திவாரம் முடிந்தால் கொஞ்சம், வாசலுக்கு மேலே லிண்டல் மட்டம் வந்தால் கொஞ்சம் என்று கொடுப்பார்கள். எங்கோ ஓர் அலுவலகத்தில் வரைந்த பிளானை ஓவர்சியர் கொண்டுவந்து விரித்தார். அதில் வாசல்கள் எல்லாம் ரோட்டைப் பார்த்திருந்தன. மலைப்பக்கம் கதவோ ஜன்னலோ இல்லாத கருங்கல் சுவர்.

கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்தவள் அத்தைதான்.

"மலைக்கு முதுகைக் காட்டிக் குடியிருக்க நாங்க இன்னா பாவம் பண்ணோம் சார்? வாசலைத் திருப்பிக் குடுங்க."

எல்லோரும் ஆமாம் போட்டார்கள். ஓவர்சியர் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முதுகுப் பக்கம்தான் மலைன்னு போட்டிருக்காங்கம்மா. ஏன்னு எனக்கும் தெரியல. கேட்டு எழுதலாம். ஆனா மார்ச்சுக்குள்ள வேலை ஏறலைன்னா பணம் திரும்பிப் போயிடும்."

"ஓடை பக்கத்துல இருக்குதே" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஓடையா? இங்க எந்தக் காலத்துல தண்ணி வந்துச்சு?" என்றாள் அத்தை. மழை பொய்த்த வருஷங்கள் அவை; ஓடையில் வேலிகாத்தான் முள்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓவர்சியர் பிளானைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, அப்படியே கோடு போட்டார். கருங்கல் சுவர் ரோட்டுப் பக்கம் போனது. அவரை எப்படிக் குறை சொல்வேன்? அவர் மனசிலும் மலை இருந்தது, தலைக்கு மேல் மார்ச் இருந்தது.

கடைக்கால் தோண்டியபோது வழுவழுவென்று உருண்டைக் கற்கள் வந்தன. அஞ்சாங்கல் ஆடுவதற்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தன. நான் பாவாடையில் அள்ளிக்கொண்டு ஓடினேன். பெரியவர்களும் எடுத்துப் பார்த்து, "நல்லாருக்கே" என்றார்கள். இவ்வளவு கற்களை இங்கே யார் உருட்டியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அத்தை அந்த வீட்டில் சந்தோஷமாகத்தான் இருந்தாள். கார்த்திகை தீபத்தன்று வாசலில் உட்கார்ந்தபடியே ஜோதி பார்த்தாள். "ராஜாவுக்குக்கூட இப்படி அமையாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். எண்பதுகள் பிறந்து ஒரு ஐப்பசி வந்தது. விடாமல் பெய்த மழையில் ஒருநாள் பகலில் மலைத் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு இறங்கியது. வழியில் வரிசையாக வாசல்கள் திறந்திருந்தன. உள்ளே புகுந்த தண்ணீரைக் கருங்கல் சுவர் போகவிடவில்லை. வீடுகள் தொட்டி போல நிரம்பின, பிறகு மற்ற மண்சாந்துச் சுவர்கள் விட்டுக்கொடுத்தன. எல்லோரும் வேலைக்குப் போயிருந்ததால் உயிர் பிழைத்தோம்.

நானும் அத்தையும் போய்ச் சேர்ந்தபோது நிலை மட்டும் நின்றுகொண்டிருந்தது. மழை கழுவிவிட்ட மலை அதற்குள் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அத்தை அழவில்லை. "நான்தானே கேட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுபடி வீடு கேட்டுப் போனபோது, ஒருமுறை வீடு வாங்கியவர்களுக்கு இன்னொரு முறை கிடையாது என்றார்கள். அரசாங்கத்தின் கணக்கில் அவளுக்கு வீடு இருந்தது. திரும்பவும் வாடகை அறைக்கே போனாள், நிலையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு. அதைச் சுவரில் சாய்த்துவைத்து வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் வைப்பாள். அதற்குள் பார்த்தால் சுவர்தான். சாகும்போதும் அவள் காலி பண்ணவேண்டிய வீட்டில்தான் இருந்தாள்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். ஓடையைத் தூர்த்து மனை போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு நிலை, புது மஞ்சள் பூசி, மாவிலை கட்டித் தனியாக நின்றது. பக்கத்தில் நின்ற பெண், "மலை எவ்ளோ நல்லாத் தெரியுது பாருங்க" என்றாள். கட்டட வேலைக்குப் போய்ச் சேர்த்த காசாம். என் காலடியில் தோண்டிப்போட்ட மண்ணில் உருண்டைக் கற்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்து, இது ஓடை வந்த வழி என்றேன்.

அவள் கல்லைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். "ஓடையா? இங்க எந்தக் காலத்துல தண்ணி வந்துச்சு?"