பக்கத்தில் இருப்பதற்கு ஆறு சனிக்கிழமைகள்

கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட் பகுதியில், ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் நான் அப்போது உளவளத்துணையாளராக வேலை பார்த்துவந்தேன். எங்கள் சனத்துக்கு அந்தச் சொல் புரியாது. கவுன்சிலர் என்று சொன்னால், நகரசபைக் கவுன்சிலின் ஆள் என்று நினைத்துக்கொண்டு, கூரை ஒழுகுகிறது, பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று கடிதங்களோடு வந்துவிடுவார்கள். கடிதத்தை வாசித்துச் சொன்ன பிறகுதான் மெதுவாக மற்றக் கதை வரும். சிலருக்கு வராது.

அதற்கு முன் பத்து வருடங்கள் நான் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரி, வக்கீல் அலுவலகம், அகதி விசாரணை அறை என்று லண்டன் முழுக்க ஓடியிருக்கிறேன். ஒருவர் சொல்லி முடித்த அடுத்த நொடி நான் தொடங்கிவிட வேண்டும். இடைவெளி விழுந்தால் எதையோ ஒளிக்கிறேன் என்று அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பழக்கம் என்னோடேயே புது வேலைக்கும் வந்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டாயிரங்களின் கடைசிப் பகுதி. இலங்கையில், எங்கள் ஊரில், போர் முற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாள் எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஒரு ஆராய்ச்சிக் குழு பயிற்சி நடத்தப்போகிறது, போகிறாயா என்று கேட்டார். மேஜிக் மஷ்ரூம் என்று சொல்கிற காளானில் இருக்கும் பொருளை, டாக்டர்கள் மேற்பார்வையில் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி. மனச்சோர்வுக்கும் அதிர்ச்சிக்கும் அது உதவுமா என்று பிற்காலத்தில் பார்க்கலாம் என்ற நினைப்பு அவர்களுக்கு இருந்தது. மருந்து வேலை செய்கிற ஆறேழு மணி நேரமும் அந்த ஆளின் பக்கத்தில் இரண்டு பேர் இருக்க வேண்டும். அப்படி இருப்பதற்குத்தான் பயிற்சி. ஆறு சனிக்கிழமைகள்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். சாப்பிட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"போதை குடுக்கிறதுக்கு வகுப்போ? உமக்கென்ன விசரே?"

"குடுக்கிறது டொக்டர்மார். நான் பக்கத்தில இருக்கிறது மட்டும்தான்."

"சும்மா பக்கத்தில இருக்கிறதுக்கு என்னத்துக்கப்பா ஆறு சனிக்கிழமை?"

அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். சனிக்கிழமை போனேன்.

வட லண்டனில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடி. நாங்கள் எட்டுப் பேர். மூளைப் படங்கள் காட்டுவார்கள் என்று குறிப்பேடு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அறையில் நான்கு மெத்தைகளும், கண்ணைக் கட்டிக்கொள்ளும் கறுப்புத் துணிகளும், ஒரு சிடி பிளேயரும்தான் இருந்தன. நடத்தியவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு உளவியலாளர். இந்தப் பயிற்சி முழுவதிலும் ஒரு துளி மருந்தும் உங்கள் கண்ணில் படாது, உரிமம் இல்லாமல் தொடவும் முடியாது, ஏமாற்றமாக இருந்தால் இப்போதே எழுந்து போகலாம் என்று தொடங்கினார். எல்லோரும் சிரித்தோம். யாரும் போகவில்லை.

பிறகு விதிகளைச் சொன்னார். படுத்திருப்பவர் உள்ளே பார்க்க வந்திருக்கிறார். அவரிடம் கேள்வி கேட்டு வெளியே இழுக்காதீர்கள். அவர் பார்த்ததற்கு அர்த்தம் சொல்லாதீர்கள். தொடுவதைப் பற்றி முதல் நாளே பேசி முடித்துவிட வேண்டும்: கையா, தோளா, ஒன்றுமே வேண்டாமா என்று. மருந்துக்குள் இருக்கும்போது அவர் புதிதாகச் சொல்லும் சம்மதம் செல்லாது. வேண்டாம் என்பது மட்டும் எப்போது சொன்னாலும் செல்லும். அந்த ஒரு விதியை நான் குறிப்பேட்டில் இரண்டு தடவை எழுதினேன்.

எனக்குச் சோடியாகக் கிடைத்தவர் முன்பு ஆம்புலன்ஸில் வேலை செய்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர். என் வயதுதான் இருக்கும், ஆனால் கை இரண்டும் என் கையைப்போல் இரண்டு மடங்கு. முதல் பயிற்சியில் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு இசை கேட்டபடி இருபது நிமிடம் படுத்திருக்க வேண்டும், நான் பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அவர் மூச்சு கொஞ்சம் மாறினால், சரியாக இருக்கிறீர்களா என்றேன். காலை அசைத்தால், போர்வை வேண்டுமா என்றேன். தண்ணீர் வேண்டுமா என்றேன், தலையணை வேண்டுமா என்றேன்.

முடிந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்து கண்கட்டை அவிழ்த்தார்.

"பதினொரு தடவை," என்றார். "நான் எண்ணினேன். நீங்கள் கேட்ட ஒவ்வொரு தடவையும், போன இடத்திலிருந்து திரும்பி வந்து உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது."

முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. வீட்டுக்குப் போகும் ரயிலில் இனி வருவதில்லை என்று முடிவெடுத்தேன். என்னுடைய அக்கறையைக் குற்றம் என்கிறானே என்று கோபம். ஆனால் அந்த வாரம் முழுக்க, வேலையிடத்தில் என் வாயையே நான் கவனிக்கத் தொடங்கிவிட்டேன். யார் வந்து உட்கார்ந்தாலும், அவர்கள் மூச்செடுக்கிற இடத்தில் நான் ஒரு கேள்வியைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

நான்காவது சனிக்கிழமை, மருந்துக்குப் பதிலாக ஒரு மூச்சுப் பயிற்சி. படுத்துக்கொண்டு வேகமாகவும் ஆழமாகவும் ஒரு மணி நேரம் மூச்சு விட வேண்டும். மருந்து இல்லாமலே அது மனதைக் கிளறிவிடும் என்றார் உளவியலாளர். இந்தத் தடவை படுத்தது நான். ஸ்காட்லாந்துக்காரர் பக்கத்தில். நான் கையை நீட்டினால் அவர் பிடிக்கலாம், வேறு எங்கும் தொடக்கூடாது என்று பேசிக்கொண்டோம்.

முதலில் விரல்கள் விறைத்தன. பிறகு அழுகை வந்தது, காரணம் இல்லாமல். அதன் பின்னால் காரணமும் வந்தது. ஒரு விசாரணை அறை. அதன் பின்னால் இன்னொரு விசாரணை அறை. அங்கே மொழிபெயர்ப்பாளர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிப் பத்து வருடம் சொல்லியிருக்கிறேன். என்னை அடித்தார்கள். என் மகனை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அவனைத் திரும்பக் காணவில்லை. காணாமல் போன பிள்ளை எனக்கு இல்லை. ஆனால் அந்த வாக்கியங்களெல்லாம் என் குரலில், என் வாயிலிருந்துதான் வந்தன. சொன்னவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போவார்கள். நான் அடுத்த முகவரிக்கு ஓடுவேன்.

"அது நான் இல்லை," என்று தமிழில் கத்தினேன். "அது எனக்கு நடக்கேல்லை. எனக்கு ஏலாது."

கையை நீட்டினேன். அந்தப் பெரிய கை வந்து பிடித்தது. இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு தடவை மட்டும் சொன்னார். என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை. நான் எவ்வளவு நேரம் தமிழில் பேசினேனோ தெரியாது. ஒரு சொல்லும் விளங்காமல் ஒருவர் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்கட்டை அவிழ்த்தபோது யன்னலில் மழை வடிந்துகொண்டிருந்தது. அவர் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் எதையும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, என்னிடம் வழமையாக வரும் மன்னார்க்காரர் ஒருவர் வந்தார். கத்தோலிக்கர், ஊரில் கடற்றொழில் செய்தவர், இங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். ஏழு வாரமாக என்னிடம் வந்து முழங்கால் வலியை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னும் நோகுது தங்கச்சி."

டொக்டரிட்டப் போனனீங்களோ அண்ணை என்ற கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஹீட்டரைப் பார்த்தார். கீழே கடையில் யாரோ ஷட்டரை இழுத்தார்கள். என் கைகள் என் மடியிலேயே இருந்தன. ஐந்து நிமிடம் போயிருக்கும்.

"முழங்கால் நோவில்லை," என்றார். "கோயில்ல முழங்கால் போட ஏலாமக் கிடக்கு. போட்டா, தம்பிதான் வாறான்."

மன்னாரிலிருந்து இந்தியாவுக்கு ஓடிய படகு கவிழ்ந்த கதையைச் சொன்னார். படகின் விளிம்பை ஒரு கையாலும் தம்பியின் மணிக்கட்டை மறு கையாலும் பிடித்திருந்தாராம்.

"கை விறைச்சுப் போச்சு. நான் விட்டிட்டன், தங்கச்சி. அவனா விடேல்லை. நான்தான்."

பதினெட்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்கும் தெரியாது. அவர் தோள் குலுங்கியது. கையைப் பிடிக்கட்டோ அண்ணை என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அப்படியே இருந்தேன். அது உங்கள் பிழை இல்லை என்று சொல்லத் துடித்த வாயையும் அடக்கிக்கொண்டேன். அவருக்கு அப்போது தீர்ப்பு வேண்டியிருக்கவில்லை. போகும்போது, "வாற கிழமையும் வாறன்," என்றார். அதற்கு முன் ஒரு தடவையும் அவர் அப்படிச் சொன்னதில்லை, நான்தான் சொல்லியனுப்புவேன்.

வந்தார். மாசிவரை ஒரு வாரமும் தவறவில்லை. அந்த மாதத்தில் ஒரு நாள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். மனைவியும் அழுதாராம், பிறகு தம்பிக்கு ஒரு பூசை வைப்போம் என்றாராம். பதினெட்டு வருடத்தில் முதல் பூசை. என்னையும் அழைத்தார். பாதிரியார் தம்பியின் பெயரை வாசித்தபோது நான் பின்வரிசையில் நின்றேன். அண்ணர் முன்வரிசையில் முழங்காலிலேயே இருந்தார். முடிந்த பிறகு மண்டபத்தில் ரோல்ஸும் தேத்தண்ணீரும் கொடுத்தார்கள். தம்பி எப்படி விசிலடிப்பான் என்று அவர் பிள்ளைகளுக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். நன்றாக வரவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆராய்ச்சி நாங்கள் நினைத்த வேகத்தில் நடக்கவில்லை. உரிமம், ஆராய்ச்சி நெறிமுறைக் குழு, காப்பீடு என்று ஒவ்வொன்றாக இழுபட்டது. கடைசியில் எங்கள் எட்டுப் பேரில் இரண்டு பேருக்குத்தான் தன்னார்வலர்களோடு இருக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஸ்காட்லாந்துக்காரர் அதில் ஒருவர். நான் இல்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் அடுத்த ஆண்டு புதிய பயிற்சி தொடங்கியபோது அந்த உளவியலாளர் என்னை அழைத்தார். "மொழியைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை," என்றார். "ஒருவர் உள்ளே போனால் தன் தாய்மொழிக்குத்தான் போவார் என்று உங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வந்து பேசுவீர்களா?"

போனேன். அதே மேல்மாடி, புதிய முகங்கள். பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்காவது அந்த மொழி தெரிந்திருந்தால் நல்லது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வைட்சேப்பலிலிருந்து வந்திருந்த ஒரு வங்காளி நர்ஸ் கையை உயர்த்தினார்.

"படுத்திருப்பவர் எங்கள் மொழியில் பேசுகிறார், என்னோடு இருக்கும் மற்றவருக்கு விளங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். நான் உடனே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டுமா?"

"வேண்டாம்," என்றேன். "பின்னேரம்வரை பொறுங்கள். எழுந்து உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்ட பிறகு, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவரையே கேளுங்கள்."

அவர் அதை எழுதிக்கொண்டார். உடனே பக்கத்திலிருந்தவரும் கை உயர்த்தினார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். அன்று மதியச் சாப்பாடு அரை மணி நேரம் பிந்தியது.