மேட்டை அளந்த மாட்டு டாக்குத்தர்

எங்கள் வேலணைத் தீவுக்கு வந்த அந்த மாட்டு டாக்குத்தர் மெலிந்த மனிதர். கதைக்கும்போது கழுத்தில் கிடக்கும் அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார். ஆராய்ச்சி என்று சொல்லி, என் சின்ன நாட்டுப் பசுவுக்குச் சீமைக் காளையின் சினை ஊசி போட்டார். கன்று பெருத்துவிட்டது. அதை ஈன்ற கையோடு பசு செத்துப்போனது.

பிறகு கன்றை அளக்க வந்தார்.

"வயித்துக்குள்ள கண்டு இவ்வளவு பெருக்குமெண்டு உமக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டேன்.

விரலில் நாடா நின்றது. "பெருக்கலாமெண்டு தெரியும், அம்மா."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் விடமாட்டியள்."

"ஓம், விட்டிருக்கமாட்டன். முதல்ல தாயை அளந்து பாரும்" என்று, பசுவைப் புதைத்த மேட்டைக் காட்டினேன்.

மேட்டருகில் முழந்தாளிட்டு அளந்தார். "இனிக் கண்டை அளக்கட்டோ?" என்றார்.

"இண்டைக்கு ஏலாது" என்றேன்.

அடுத்த மாதமும் மேட்டைத்தான் காட்டினேன். பின்வளவில் கன்று கத்தியது. கடைசிவரை அதில் அவருடைய நாடா படவிடவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

ஆனால் மூன்றாம் முறை அவர் கன்றைக் கேட்கவே இல்லை. நாட்டில் சண்டை மூண்டு றோட்டை மூடும்வரை மாதாமாதம் வந்தார். நான் காட்டாமலே மேட்டருகில் குனிந்து அளந்துவிட்டுப் போனார். எதற்கு வந்தார் என்று நானும் கேட்கவில்லை.