பாவு விரித்த காலைகள்

அரிசிக் கஞ்சியின் வாசனை வந்தால் அன்று எனக்கு மூச்சு சீராக வரும். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்துக் காயவைப்பார்கள், அதுதான் "பாவு". அது காயும்வரை தெருவின் இரு முனையிலும் கற்கள் குறுக்கே கிடக்கும், ஒரு வண்டியும் நுழையாது. வாசனைக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று பத்து வயதில் எனக்குத் தெரியாது.

அந்த வருஷப் பனிக்காலத்தில் எனக்கு "இழுப்பு" கண்டது. தூசியும் புகையும் ஆகாது என்ற டாக்டர், இன்ஹேலர் கொடுத்து, மூச்சுத் திணறும் நாட்களைக் குறித்துவரச் சொன்னார். நெசவாளர் வீட்டில் தூசி என்றால் பட்டுத் தூசிதானே? தறியோரம் இருந்த என் பாயை அம்மா தெருப்பக்க அறைக்கு மாற்றி, "காத்தோட்டமா இருக்கட்டும்" என்று ஜன்னலைத் திறந்துவைத்தாள். கோயிலுக்கு வரும் வேன்கள் எங்கள் தெருவைக் குறுக்கு வழியாக்கிக்கொண்ட காலம் அது. எஞ்சினை அணைக்காமல் ஜன்னலுக்கு நேரே நிற்கும். பனியில் அந்தப் புகை மேலே எழும்பாமல் தெருவோடு படுத்துக்கிடக்கும். இழுப்பு அதிகமாயிற்று.

"தறிய வீட்ல வச்சிக்கினு புள்ளைய எப்டிப்பா காப்பாத்துவ?" என்றார் எதிர்வீட்டு அத்தை. அப்பா, கையிலிருந்த சேலையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்ததும் தறியைக் கூரம் கிராமத்திலுள்ள சித்தப்பாவுக்கு அனுப்பிவிட்டு, இன்னொருவர் தறியில் கூலிக்குப் போய் உட்காருவதென்று முடிவுசெய்தார்.

நானோ எதையும் பட்டியல் போடுகிற பிள்ளை. தேதி, தின்றது, வெயிலா பனியா, இழுப்பு உண்டா இல்லையா என்று நோட்டில் கட்டம் கட்டியிருந்தேன். "இட்லி மேலயும் பழியாடி?" என்று அம்மா சிரித்தாள். சேலை அறுத்த அன்று அப்பா அந்த நோட்டை வாங்கி, "இல்லை" என்றிருந்த நாட்களில் மட்டும் விரலை வைத்துக்கொண்டே போனார்.

"இது நம்ம பாவு. இது எதிர்வூட்டு அக்காவோட பாவு. இது மூணாவது வூட்டுது..."

பாவு விரித்த நாளை நெசவாளர் மறப்பதில்லை. வெயில் நாளில்தான் பாவு விரிப்பார்கள் என்பதால் வெயிலே காரணமோ என்று தோன்றலாம். ஆனால் நல்ல வெயில் நாளிலும் வண்டி ஓடியிருந்தால் இழுப்பு வந்திருந்தது. "எல்லாம் வண்டி வராத நாளும்மா" என்றார் அப்பா. அன்று மாலையே என் பாய் தறியோரம் திரும்பியது. தெருப்பக்க ஜன்னல் மூடிக்கொண்டது. இழுப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை, குறைந்தது. தறி போகவில்லை. "வண்டிப் புகைன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் அத்தை.

இப்போது காற்றின் தரம் அளக்கும் கருவிகளோடு எனக்கு வேலை. அப்பாவின் தறி அதே இடத்தில் ஓடுகிறது. பாவு மட்டும் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்துக்குப் போய்விட்டது. பனிக்காலம் முன்போலக் குளிர்வதில்லை. புகை முன்போலவே படுத்துக்கிடக்கிறது. அத்தையின் பேத்திக்கு இழுப்பு. அவளுக்கும் ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, "தெனமும் வண்டி வருது, எல்லா நாளும் ஒண்ணாவே இருக்குதுக்கா, எதோட எத ஒப்பிடறது?" என்று கேட்டாள்.

போன ஞாயிறு விடிந்ததும் அத்தை தெருவின் இரு முனையிலும் கல்லை இழுத்துப் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார். என்ன விஷயம் என்று ஒரு வேன்காரர் எட்டிப்பார்த்தார்.

"பாவு காயுதுபா. சுத்திக்கினு போ."

தெருவில் ஓர் இழைகூட இல்லை.