ஓவர்கோட்டுக்காரருக்கு அனுப்பிய பாட்டு

போன மாதம் என் மகன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தான். தொண்டையில் ஒரு பிடி மணலைப் போட்டுக்கொண்டு அழுவது போல இருந்தது. பதறிப்போய் உள்ளே ஓடினால், "ஒண்ணுமில்லம்மா, கிடாருக்குப் போடற எஃபெக்ட்ட என் வாய்ஸுக்குப் போட்டிருக்கேன். உனக்கு இதெல்லாம் புரியாது" என்றான். நான் ரிட்டயர்டு டீச்சர். உனக்குப் புரியாது என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. "போடா, இத நான் நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒதியம்பட்டு வூட்டுல பண்ணிட்டேன்" என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இரும்புப் பெட்டியைத் திறந்து அந்தக் கேசட்டைத் தேடினேன்.

திறந்ததும் அந்துருண்டை வாசனை. அந்துருண்டை என்றாலே எனக்கு எங்கள் சித்தப்பாவின் சூட்கேஸ்தான். அப்பாவின் தம்பி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பாரிஸிலேயே தங்கிவிட்டவர். பெயர் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது, 'சொல்தா' என்றால் தெரியும், பிரெஞ்சில் சிப்பாய். ஒருமுறை அவர் வந்தபோது அந்தச் சூட்கேஸிலிருந்து அம்மாவுக்கு ஒரு சென்ட் பாட்டில் வந்தது, அதை அம்மா கடைசி வரைக்கும் பிரிக்கவே இல்லை. வீட்டுக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வந்தது. அண்ணனுக்கு ஓர் இரும்பு டப்பா வந்தது. எனக்கு ஒரு மாப்பிள்ளை வந்தார், போட்டோவாக.

முதலில் டப்பாவைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபம். கிடார் ஒயரை ஒரு பக்கம் செருகி, காலால் மிதித்தால், மறுபக்கம் சத்தம் கிழிந்து உறுமிக்கொண்டு வரும். அண்ணன் வில்லியனூரில் ஒரு லைட் மியூசிக் பார்ட்டியில் கிடார் வாசித்தான். கிடார் பார்ட்டிக்குச் சொந்தம், டப்பா மட்டும் அவனுடையது. பார்ட்டி நடத்தியவர் ஒரே தடவை கேட்டுவிட்டு, "மேடையில நீ இத மிதிச்சின்னா, நான் உன்ன மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டார். பாவம், கிடார் இல்லாத வீட்டில் அந்த டப்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? தெரிந்த மைக்செட் கடையிலிருந்து ஒரு பழைய மைக்கை வாங்கி வந்தான். அந்த மைக் ஒயரின் முனை டப்பாவில் கச்சிதமாகப் பொருந்தியது. அப்புறம் எங்கள் வீட்டில் எந்த ஜீவனும் சொந்தக் குரலில் பேசவில்லை. ஆடு, காக்கா, கீரைக்காரம்மா எல்லாரையும் டப்பா வழியாகக் கேசட்டில் பிடித்தான். அந்த டப்பாவுக்குக் கிட்டத்தது எட்டத்தது தெரியாது. பக்கத்துச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்தால் போதும், தூரத்துச் சத்தத்தை இழுத்து வந்து முன்னால் உட்கார வைத்துவிடும். நாலு வீடு தள்ளி அம்மி அரைப்பது கூட இடி இடிப்பதாகக் கேட்கும்.

இனி மாப்பிள்ளை. போட்டோவில் ஓவர்கோட்டு போட்டுக்கொண்டு ஒரு சுவரோரம் நின்றார். என்னைவிடப் பதினாலு வயசு மூப்பு. நான் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய் டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தேன், இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அதை முடித்து வேலைக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே கிடையாது. அப்பாவுக்கோ ஒரே நினைப்பு. "மாப்பிளைக்கு நேஷனாலிட்டி இருக்குதுடி! நீயும் பிரெஞ்சுக்காரி ஆயிடுவ."

"எனக்கு வேணாம்பா."

"உன்ன இப்ப யாரு கேட்டா?"

உண்மைதான், யாரும் கேட்கவில்லை. ஓவர்கோட்டுக்காரருக்கு லீவு கிடைக்காதாம். பெண்ணைப் பார்க்க முடியாவிட்டாலும் ஒரு பாட்டாவது கேசட்டில் பாடி அனுப்பச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் நான் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் டப்பாவைப் பார்த்தான். தங்கை மேல் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். டப்பாவுக்குள் பாட ஒரு மனுஷி கிடைத்தாளே என்கிற சந்தோஷம்.

சித்தப்பா ஊருக்குப் புறப்படும் நாள் காலையில்தான் பதிவு. அப்பா மில்லில் காலை ஷிப்ட். அம்மா உள்ளே சித்தப்பாவுக்குக் கட்டிக் கொடுக்க முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். "தொண்டைய கனைச்சிக்கினு ஒழுங்கா பாடுடி!" என்று அம்மா அங்கிருந்தே ஒரு சத்தம் போட்டாள். அண்ணன் டப்பாவின் திருகுகளைக் கடைசி வரை திருகினான். நான் ஒரு முருகன் பாட்டை எடுத்தேன். முருகனே மயிலை விட்டுவிட்டு ஓடியிருப்பார். முதல் வரியை மட்டும் போட்டுப் பார்த்தோம், அதற்குள் வாசலில் கார் ஆரன் அடித்துவிட்டது. "நல்லா பாடிகிறியா?" என்று கேட்டார் சித்தப்பா. "உயிரக் குடுத்துப் பாடிகிறேன் சித்தப்பா" என்றேன்.

இரண்டு மாதத்தில் ஜாதகம், என் போட்டோ, கேசட் எல்லாம் ஒரே பொட்டலமாகத் திரும்பி வந்தன. கூடவே ஒரு வரி: இந்தச் சம்பந்தம் அமையாது, மன்னிக்கவும். அப்பா கேசட்டை இரும்புப் பெட்டியில் விட்டெறிந்து பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நானும் அண்ணனும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றிலிருந்து எந்த ஸ்கூலுக்கு மாற்றலாகிப் போனாலும், பேய்க் குரலில் பாடி என் கல்யாணத்தை நானே நிறுத்திய கதையை முதல் வாரமே சொல்லிவிடுவேன்.

அந்த மாதமே அம்மா மயிலம் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். முழங்கால் வரைக்கும் தொங்கும் முடி அவளுக்கு. "இன்னாத்துக்கும்மா?" என்று கேட்டேன். "உங்கண்ணனுக்குப் புத்தி வரணும்னு வேண்டிக்கினேன்" என்றாள். அந்த வேண்டுதலுக்கு ஏகப்பட்ட அவசியம் இருந்ததால் நாங்கள் சந்தேகப்படவில்லை. அடுத்த வாரம் எங்கள் டிரெய்னிங்கில் ஆண்டு விழா. "இந்தத் தலையோட நீ வர வேணாம்மா" என்றேன். அம்மா வரவில்லை.

மகன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய டேப் ரெக்கார்டரைப் பிடித்து வந்தான். பாட்டு ஓடியது. "மா, செமமா!" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டவன், "நடுவுல யாரோ பேசறாங்களே" என்று என் காதில் வைத்தான்.

நான் மூச்சு வாங்க நிறுத்திய இடங்களில் எல்லாம் டப்பா அடுப்படியிலிருந்து அம்மாவை இழுத்து வந்திருந்தது. கிழிந்த குரல்தான், ஆனால் அம்மா. "அவ படிப்ப முடிக்கணும் பாக்கியம்..." நான் ஒரு வரி அலறுகிறேன். "இவுரு கேக்க மாட்டேன்றாரு..." இன்னொரு வரி. "அந்த மாப்பிளையே வேணான்னு சொல்லிட்டா, மயிலத்துல முடி எறக்கறேன்னு வேண்டிக்கினு கீறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் ஓவர்கோட்டு, ஓவர்கோட்டு என்று கேலி செய்த அந்த மனிதர் இதைக் கேட்டிருக்கிறார். கேட்டும் அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் ஒரே வரியோடு விலகிக்கொண்டிருக்கிறார். நான் என்னடா என்றால் நாற்பது வருஷமாக என் சாமர்த்தியத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

"அந்தப் பேச்ச எடுத்துடறேம்மா, பாட்டு க்ளியராயிடும்" என்றான் மகன்.

"பாட்ட எடுத்துடுடா" என்றேன்.

இரண்டு நாள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்த்தான். "முடியலம்மா, ரெண்டும் ஒண்ணா அரைஞ்சி கெடக்குது" என்றான். டப்பா எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒதியம்பட்டு வீட்டை இடித்து மனை போட்டுவிட்டார்கள். அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அம்மாவின் குரலை வேறு எதிலும் நாங்கள் பிடித்து வைக்கவில்லை; நான் மூச்சு வாங்கிய அந்த இடங்களில்தான் அது இருக்கிறது. அன்றைக்கு இன்னும் நாலு தடவை மூச்சு வாங்கியிருக்கலாம்.