நாலு அங்குலத் தரை

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வருடம்தான் எங்கள் வீட்டு மண் தரையை அப்பா சிமெண்டுத் தரையாக்க முடிவு செய்தார். எழுபதுகளின் கடைசி அது. சங்ககிரிக்குத் தெற்கே எங்கள் ஊரில், சாணி மெழுகிய தரையில் எந்தச் சம்பந்தியும் வந்து உட்கார மாட்டான் என்று அவராகவே தீர்மானித்துக்கொண்டார்.

வந்த கொத்தனார் கேட்டது ஒரே கேள்வி. "ஏனுங்க, எத்தன அங்குல கனம் போடோணும்?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பதில் சொன்னான். "நாலு அங்குலம் போடுங்க."

அண்ணன் போர் வண்டியில் வேலைக்குப் போனவன். ஆந்திராவில் எங்கோ ஆழ்துளைக் கிணறு போடும்போது இரும்புக் குழாய் சரிந்து இடுப்பில் விழுந்தது. அதன் பிறகு அவனுக்குக் கால்கள் இருந்தன, அவ்வளவுதான். லாரி டயரில் வெட்டிய துண்டை அடியில் கட்டிக்கொண்டு, கைகளை ஊன்றி வீட்டுக்குள் நகர்வான். நிலைப்படி வரைக்கும் வருவான். அதன் மேல் முழங்கையை ஊன்றி, ரோட்டில் போகும் லாரிகளைப் பார்ப்பான். உள்பக்கம் அரையடி உயரம் அந்தப் படி. தாண்ட முடியாது. பலகையைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். வழுக்கிக் குப்புற விழுந்து முன்பல் போனதுதான் மிச்சம். வெளிக்குப் போவதற்குக்கூட அம்மாவும் நானும்தான் அவனைத் தூக்கிப் போக வேண்டும். வளர்ந்த ஆண்பிள்ளை. தூக்கும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வான்.

செங்கல்லை வைத்து அவனாகவே பழகிப் பார்த்திருந்தான். ரெண்டு அங்குலம் என்றால் தாண்டிவிடுவான். தரை நாலு அங்குலம் ஏறினால் படி ரெண்டு அங்குலம்தான் மிஞ்சும். வெளியே மண்ணைக் கொட்டிச் சரித்துக்கொள்ளலாம்.

"நாலு அங்குலம் போட்டீங்கன்னா நானே வெளிய போயிக்குவனுங்கப்பா. ஒருத்தரும் தூக்க வேண்டாம்" என்றான்.

அப்பா அவன் பக்கம் திரும்பவே இல்லை. கொத்தனாரிடம்தான் பேசினார். "படி முழுகற மாதிரி தரையை ஏத்துனா ஊடு வெளங்குமா? ஒன்றரை அங்குலம் போதும். ஊட்டுக்குள்ள லாரியா ஓட்டப் போறோம்?"

கொத்தனார் சிரித்தார். அண்ணனும் கொஞ்சம் சிரித்து வைத்தான்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் படிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பவள் அம்மா. அவளுக்கே இல்லாத கவலை அப்பாவுக்கு எங்கிருந்து வந்தது? அடுப்படியில் அம்மாவை மடக்கிக் கேட்டேன்.

"உன்னையப் பாக்க வாரப்ப அவன் வாசல்ல நவுந்துக்கிட்டுக் கெடந்தா நல்லாருக்காதுங்கறாரு, சாமி. உள்ளயே இருந்தா ஒருத்தருக்கும் தெரியாதாமா."

நேராக அப்பாவிடம் போய், "எனக்குக் கலியாணமே வேண்டாமுங்க, நாலு அங்குலம் போடுங்க" என்றேன். "பொட்டப்புள்ளைக்கு என்ன பேச்சு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஒன்றரை அங்குலம்தான் போட்டார்கள். காவி பூசிய தரை கண்ணைப் பறித்தது. பெண் பார்க்க வந்தவர்கள் அதைத் தடவிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். கடலைக்காய் மூட்டை அடுக்கிய அறையில், சாத்திய கதவுக்குப் பின்னால் அண்ணன் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தான். இப்படி ஒரு அண்ணன் இருப்பது அவர்களுக்கு முன்பே தெரியும் என்று கல்யாணத்துக்குப் பிறகு என் மாமியார் சொன்னார். ஊருக்கே தெரிந்ததை மறைக்கத்தான் அத்தனை பாடு.

நான் புகுந்த வீட்டுக்குப் போன பின் அவனைத் தூக்க அம்மா ஒருத்திதான். அவளைச் சிரமப்படுத்தக் கூடாதென்று அண்ணன் சோற்றைக் குறைத்தான், தண்ணீரைக் குறைத்தான். உதடு வெடித்துக் கிடந்தாலும் சொம்பை வாங்க மாட்டானாம். நீர்க்கடுப்பு வந்து, அது காய்ச்சலாகி, அடுத்த தை மாதம் போய்விட்டான்.

குளிப்பாட்டுவதற்காக நாலு பேர் அவனை உள்ளேயிருந்து தூக்கி வந்தார்கள். நிலைப்படி வந்ததும், மூலையில் அழுதுகொண்டிருந்த அப்பா எழுந்து ஓடி வந்தார்.

"பாத்துங்க, படியில அவங்காலு படாமத் தூக்குங்க" என்றார். அவர்களும் உயர்த்தித் தூக்கிப் போனார்கள்.

அப்பா அதற்குப் பிறகு பல வருடங்கள் இருந்தார். படுத்த படுக்கையான போது நான்தான் போய்ச் சோறு ஊட்டினேன். ஆனால் மன்னிக்கவில்லை.