முகத்தின் குறுக்கே என் பெயர்

தாலுகா அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினேன். ஆடிக் கிருத்திகையன்று மலையடிவாரத்துக் குளக்கரையில் பூக்காவடியோடு நின்ற முதியவர் ஒருவரைப் படம் எடுத்து, பத்திரிகைப் போட்டிக்கு அனுப்ப அரக்கோணத்து ஸ்டுடியோ ஒன்றில் ஒரே ஒரு பிரிண்ட் போட்டேன். தை பிறந்தபோது அந்தப் படம் அதே ஸ்டுடியோவின் காலண்டரில் இருந்தது. கேட்கப் போனேன்.

"சாமி சமாச்சாரம் சார். இதுக்கு ஏது சார் ஓனரு?" என்றார் கடைக்காரர்.

வாதாடாமல் வீடு திரும்பினேன். ஆனால் எதற்கும் ஒரு நடைமுறை இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் திருத்தும் மென்பொருளைத் திறந்து, அதன் உதவிப் பக்கங்களை அரசாணைபோல் வரிவரியாகப் படித்தேன். படத்தின் மேல் கண்ணாடித் தாள் விரித்ததுபோல் ஒரு லேயர். அதில் காப்புரிமைக் குறியும் என் பெயரும். எழுத்தின் அடர்த்தியை, ஒபாசிட்டி என்கிறார்கள், குறைக்கக் குறைக்கப் பெயர் மங்கிக்கொண்டே போனது. எவ்வளவு மங்கினாலும் ஒருவன் இன்னும் உரிமையாளன்தானா என்று அரை நாள் ஏற்றி இறக்கிப் பார்த்து, முப்பது சதவீதத்தில் நிறுத்தினேன். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள் என்று முகத்தின் குறுக்கே போட்டேன். புகைப்படத்தில் முத்திரை குத்தியே பழகிய கை.

சேமிக்கும்போது, இதே பெயரில் கோப்பு இருக்கிறது, அதை மாற்றிவிடவா என்று கேட்டது. ஒரே பொருளுக்கு இரண்டு கோப்பு திறந்தவர்களுக்கு மெமோ கொடுத்தவன் நான். 'ஆம்' என்றேன். கேமரா கார்டை முன்பே துடைத்திருந்தேன்.

மாசியில் ஆர்.கே.பேட்டையிலிருந்து அந்த முதியவரின் மகள் வந்தார். தறி நெய்பவர். படம் வேண்டுமானால் வரச் சொல்லி அன்று குளக்கரையில் நான்தான் அவருக்கு விலாசம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"நைனா பூட்டாருங்க சார். வெள்ளிக்கெழம காரியம். வேற போட்டோவே இல்லீங்க. ஓட்டர் கார்டுல கீறது யாரோ மாதிரி கீது."

படத்தைத் திறந்தேன். குனிந்து பார்த்தார்.

"நைனா மூஞ்சி மேல என்னாமோ எழுதிகினு கீதுங்களே?"

"என் பேரும்மா."

"ஏங்க?"

என் பணிக்காலத்தில் யாரும் இவ்வளவு சுருக்கமாக விளக்கம் கேட்டதில்லை. பெயரை அழிக்க முயன்றேன். கூடவே படத்தில் அவருடைய ஒரு கண்ணும் போயிற்று. முத்திரை விழாத படம் இனி ஒரே இடத்தில்தான் இருக்கும். இருவரும் அரக்கோணத்துக்கு ரயிலேறினோம்.

"ஆங், கீது சார்," என்றார் கடைக்காரர். "உங்க படம்தானே? உங்களாண்ட இல்லியா?"

"இருக்கு. சரியா இல்ல."

"ஓனரு நீங்கதான்னு எழுதிக் குடுங்க, எடுத்துக் குடுக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்காமல் எழுதினேன். அலுவலகக் கடிதம்போல் பொருள், பார்வை எல்லாம் போட்டு.

பிரிண்ட் வந்தது. அதில் கடைப் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. அந்த அம்மாள் அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இப்பதான் நைனா தனியா கீறாரு."

அந்தப் படத்தை எனக்கு ஒரு சிடியில் எழுதித் தரச் சொன்னேன். கடைக்காரர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியதும், "ரெண்டு காப்பியா போடுங்க," என்றேன்.