சுருங்க மறந்த தொட்டாச்சிணுங்கி

மதலேனம்மாள் எனக்குச் சின்னாயா மகள். ஏரியூர்ப் பக்கம் கிணறு வெட்டுற ஸ்தனிஸ்லாசுக்கு வாக்கப்பட்டவள். அவர் உள்ளே இறங்கி வெட்டுவார். இவள் மேலே நின்று சகடை உருளையில் கயிறு போட்டு மண் கூடை இழுப்பாள்.

எண்பத்திமூணுல மழை இல்லை. காளியப்பன் தோட்டத்துக் கிணத்தை ஆழப்படுத்த வெடி வைத்தார்கள். இறைத்துக் கொட்டின தண்ணீரில் கிணத்து மேட்டில் தொட்டாச்சிணுங்கி மண்டிக் கிடந்தது. வெடி அதிர்ந்ததும் அத்தனை இலையும் கும்பிட்ட கை மாதிரி மூடிக்கொள்ளும். அது மறுபடி விரியுறவரைக்கும் மதலேனம்மாள் புருசனை இறங்க விடமாட்டாள். பூமிக்கு நடுக்கம் தீரலை என்பது அவள் கணக்கு. ஒருதரம் அப்படி நிறுத்தி வைத்திருந்தபோதுதான் மேல்பாறை பெயர்ந்து விழுந்தது. அதுக்கப்புறம் ஸ்தனிஸ்லாஸ் மறுபேச்சுப் பேசினதில்லை.

கூடக் கயிறு இழுக்கிற மாயவனுக்குத்தான் சிரிப்பு. "ஏக்கா, செடிக்கு நரம்பு கிரம்பு ஓடுதா?"

"நரம்பில்லாமலாடா சுருங்குது? உனக்குத்தான் ஒண்ணும் ஓடல. கூடைய இழு."

வெடி ஓயலை. போகப்போகச் செடி பாதிதான் மூடியது. அப்புறம் நுனி மட்டும். ஒருநாள் வெடிச் சத்தத்துக்குக் காக்காயெல்லாம் பறந்துபோச்சு. செடியில் ஓர் இலை அசையலை.

"கெட்டிப் பாறை வந்துருச்சு. இனி பூமி அதிராது" என்றாள்.

மாயவன் சும்மா இருப்பானா? மறுநாள் தன் வூட்டில் பால் டின்னில் வளர்ந்த தொட்டாச்சிணுங்கியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். வெடித்ததும் டின் செடி சுருண்டு படுத்தது. இவள் செடி விரிஞ்சபடி நிற்குது.

"என்னக்கா, என் செடி வேற சொல்லுதே?"

"உன்னுது புது மருமவளாட்டம் பயப்படுது. இது பழகின செடிடா."

பழகிப்போச்சு என்று அவள் வாயாலேயே சொன்னாள். சொன்னது அவளுக்கே உறைக்கலை.

ஸ்தனிஸ்லாஸ் தலையில் துண்டைச் சுற்றினார். "என்ன டாக்டரம்மா, இறங்கலாமா?"

"இறங்குங்க. இலை விரிஞ்சுதான் இருக்குது."

சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். கடப்பாரைச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் கிழக்குச் சுவர் மொத்தமாகச் சரிந்தது. மாயவன் கையிலிருந்த கயிறு அவனையும் இழுத்துப் பார்த்துவிட்டுத் தொய்ந்தது.

ஊரே ஓடிவந்து மண்ணை வாரியது. மதலேனம்மாள் மட்டும் மேட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். கிணத்துக்குள் அவ்வளவு மண் சரிந்தும் செடியில் ஓர் இலை மூடலை. மெதுவாகக் கை நீட்டித் தொட்டாள்.

உடனே சுருங்கியது.